நீலகிரியின் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போய்வந்தவர்கள் "இது என்ன குருவி?" என்று கேட்டு அனுப்பும் கைபேசிப் படங்களில் அடிக்கடி தலைகாட்டுவது ஒரு குட்டிக் கறுப்புக் குருவி. பக்கத்திலேயே பழுப்பாக இன்னொன்று இருக்கும், ஆனால் அதை யாரும் படமெடுப்பதில்லை. இரண்டும் ஒரே இனம்தான். ஆண் கறுப்பு, பெண் பழுப்பு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

கேரட் தோட்டத்து வேலிக்கம்பியில் சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக, கன்னங்கரேலென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. அது என்ன?

நீலகிரியிலோ பழனிமலையிலோ மேல்மலைப் பகுதியில் பார்த்திருந்தால், கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டின் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். உருண்டையான தலை, குட்டை வால், கொஞ்சம் தடித்த உடல், நிமிர்ந்து உட்காரும் தோரணை. செடியின் உச்சி, வேலிக்கல், காய்ந்த குச்சி, மின்கம்பி என்று எது கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதோ அதன்மேல் ஏறி உட்காரும். புதருக்குள் ஒளிந்து திரிகிற பறவை இல்லை இது. பெயரில்தான் புதர் இருக்கிறது. பறவை இருப்பது புதரின் உச்சியில்.

ஈப்பிடிப்பான்கள் இருக்கும் குடும்பத்தில்தான் இதையும் இப்போது வைத்திருக்கிறார்கள். முன்பு பூங்குருவிகளோடு சேர்த்திருந்தார்கள். பழைய புத்தகத்தில் வேறு குடும்பம் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

ஆணை உறுதியாக அடையாளம் காண என்ன பார்க்க வேண்டும்?

வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்று இடங்கள்: இறக்கையின் மேல்புறத்தில் உடம்பை ஒட்டி ஒரு திட்டு, வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முதுகில் ஒரு பட்டை, வாலுக்கு அடியில் அடிவயிற்றின் கடைசிப் பகுதி. முதுகில் இருக்கும் அந்தப் பட்டையைப் பறவை பார்ப்பவர்கள் பிட்டம் என்பார்கள். மற்றதெல்லாம் கறுப்பு. அலகு, கால் இரண்டும் கறுப்பு, கண் கரும்பழுப்பு.

மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க முடியுமென்றால் பிட்டத்தைப் பாருங்கள் என்பேன். இறக்கையில் வெள்ளை உள்ள கறுப்புக் குருவிகள் வேறும் உண்டு. ஆனால் கறுப்பு உடம்பும் வெள்ளைப் பிட்டமுமாக இந்த அளவில், இந்த மலையில், திறந்த வெளியில் உட்காருவது இது ஒன்றுதான்.

நான் பார்த்ததில் வெள்ளையே இல்லையே. முழுக்கக் கறுப்பாக இருந்தது.

உட்கார்ந்திருக்கும்போது பார்த்திருப்பீர்கள். இறக்கையை மடித்து வைத்தால் இறக்கைத் திட்டு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும், பல நேரம் தோள்பக்கத்து இறகுகள் அதையும் மூடிவிடும். மடித்த இறக்கையின் நுனி பிட்டத்தின் மேல் விழுவதால் அந்த வெள்ளையும் மறைந்துவிடும். நேர் எதிரே நின்று பார்த்தால் மிஞ்சுவது அடிவயிற்று வெள்ளை மட்டும். அதையும் அது உட்கார்ந்திருக்கும் குச்சி மறைத்துவிட்டால் கதை முடிந்தது.

என்ன செய்யலாம்? காத்திருங்கள். அதிக நேரம் ஆகாது. பூச்சியைக் கண்டதும் தரைக்குத் தாவும். அந்த ஒரு நொடியில் மூன்று வெள்ளையும் பளீரென்று தெரிந்துவிடும். பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி நின்றுகொண்டால் இன்னும் வசதி. காற்றடிக்கிற நாளில் உட்கார்ந்தபடியே இறகு கலையும், அப்போதும் பிட்டம் தெரியும்.

பெண் எப்படி இருக்கும்?

இதுதான் உண்மையான தேர்வு. ஆணை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். பெண்ணைக் கற்றுக்கொண்டால்தான் இந்தப் பறவை தெரியும் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

தூரத்திலிருந்து பார்த்தால் மங்கலான மண் பழுப்பு, அவ்வளவுதான். கண்ணை இழுக்கும் புருவக்கோடு இல்லை, இறக்கையில் வெள்ளைத் திட்டு இல்லை, தொண்டையில் கறுப்புப் பட்டை இல்லை. இருநோக்கியில் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் மேல்முதுகில் லேசான கருங்கீற்றுகள் தெரியும். அடிப்பக்கம் வெளிறிய பழுப்பு, மார்பில் மங்கலான கோடுகள். வால் மட்டும் கிட்டத்தட்டக் கறுப்பு. அந்தக் கறுப்பு வாலுக்கும் பழுப்பு முதுகுக்கும் நடுவில் பிட்டம் துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆணுக்கு எங்கே வெள்ளையோ அங்கே பெண்ணுக்குத் துரு நிறம்.

உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமும் இதே சிக்கல்தான். மடித்த இறக்கை அந்தத் துரு நிறத்தில் பாதியை மறைத்துவிடும். ஆனால் வாலை அடிக்கடி வெட்டிவெட்டி ஆட்டுகிற வழக்கம் இருப்பதால் விட்டுவிட்டுத் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும்போது வால் தொடங்கும் இடத்துக்கு மேலே ஒரு ஆரஞ்சுக் கசிவு போலத் தெரிந்தால் அதுதான்.

இன்னொரு எளிய வழி: சுற்றிலும் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் இவை ஜோடியாகவே ஓர் எல்லைக்குள் இருக்கும். பழுப்பாக ஒன்றைப் பார்த்துவிட்டு என்னவென்று தெரியாமல் நின்றால், அதே வேலியில் பத்துப் பதினைந்து கம்பம் தள்ளிக் கறுப்பன் உட்கார்ந்திருக்கிறானா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருப்பான். இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் நல்ல துப்பு.

கருஞ்சிட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் குழம்புவது இந்த இரண்டும்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருஞ்சிட்டு நம் சமவெளியில், வறண்ட கரட்டில், வீட்டுக் கொல்லையில், கல்குவாரியில் எல்லாம் இருக்கிற பறவை. நம் பக்கத்து ஆண் கருஞ்சிட்டு பளபளப்பான கறுப்பு. தோளில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. அதனால்தான் "கறுப்பு, இறக்கையில் வெள்ளை" என்ற வர்ணனையை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இரண்டிலும் போய் நிற்பீர்கள்.

முதலில் வாலைப் பாருங்கள். கருஞ்சிட்டுக்கு வால் நீளம். அதை முதுகின்மேல் செங்குத்தாகத் தூக்கி வைத்துக்கொள்ளும். தூக்கும்போது வாலுக்கு அடியில் செம்பழுப்பு தெரியும். புதர்ச்சிட்டின் வால் குட்டை. அது வாலை ஆட்டும், ஆனால் கருஞ்சிட்டு மாதிரி கொடிக்கம்பமாக நிமிர்த்தி வைக்காது. வாலடியில் இருப்பதும் வெள்ளை, செம்பழுப்பு அல்ல.

அப்புறம் பிட்டம். கருஞ்சிட்டு ஆணின் பிட்டம் கறுப்புதான். பறந்து போகும்போது பின்னாலிருந்து பார்த்து, வெள்ளை இருந்தால் புதர்ச்சிட்டு, இல்லையென்றால் கருஞ்சிட்டு என்று முடிவு செய்துவிடலாம்.

பெண்களில் துரு நிறம் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இது பலர் கோட்டைவிடும் இடம். கருஞ்சிட்டுப் பெண்ணுக்குச் செம்பழுப்பு வாலுக்குக் கீழே. புதர்ச்சிட்டுப் பெண்ணுக்குத் துரு நிறம் வாலுக்கு மேலே. "பழுப்புக் குருவி, வால்பக்கம் சிவப்பு" என்று மட்டும் குறிப்பு எழுதி வைத்தால் பிறகு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பயன் இல்லை. மேலா, கீழா என்று எழுதுங்கள்.

நடமாட்டமும் வேறு. கருஞ்சிட்டு தரையில் கால்வைத்துத் திரிகிற ஆள். நீளமான கால்களால் தத்தித்தத்தி ஓடி, நின்று, பார்த்து, மறுபடி ஓடும். புதர்ச்சிட்டு உயரத்திலிருந்து பார்த்து, இறங்கி, கொத்தி, மறுபடி ஏறிவிடும். தரையில் வெகுநேரம் தங்காது.

மேட்டுப்பாளையத்தில் பார்த்தது கருஞ்சிட்டு, ஊட்டியில் பார்த்தது புதர்ச்சிட்டு என்று உயரத்தை வைத்துச் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர். அந்த உயரத்தில் புதர்ச்சிட்டுக்குத்தான் வாய்ப்பு. ஆனால் கீழே இறங்கியதும் அந்தக் கணக்கு உதவாது. புதர்ச்சிட்டு சமவெளியிலும் உண்டு. அதனால் இடத்தை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு செய்யக் கூடாது.

குண்டுகரிச்சானாக இருக்குமோ?

குண்டுகரிச்சான் 19, 20 சென்டிமீட்டர் இருக்கும். இறக்கையில் நீளவாக்கில் பெரிய வெள்ளைப் பட்டை, வயிறு முழுக்க வெள்ளை, நீள வாலின் ஓரங்களும் வெள்ளை. மரமும் தோட்டமும் நிழலும் உள்ள இடத்தில் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது. படத்தில் அளவு தெரியாததால்தான் இந்தக் கேள்வி வருகிறது. வயிற்றைப் பாருங்கள், போதும்.

கரிச்சான், பட்டாணிக்குருவி, கீச்சான்?

கரிச்சானுக்கு, அதாவது இரட்டைவால் குருவிக்கு, வால் நீண்டு பிளந்திருக்கும், உடம்பில் வெள்ளைத் திட்டுகள் கிடையாது. பட்டாணிக்குருவி அளவில் ஒத்துப்போகும், ஆனால் அதற்குக் கன்னம் வெள்ளை, நெஞ்சு முதல் வயிறு வரை நடுவில் கறுப்புக் கோடு, முதுகு சாம்பல். கிளையில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி தேடும். கீச்சான் புதர்ச்சிட்டு மாதிரியே உச்சியில் உட்கார்ந்து தரையைப் பார்க்கும், அதனால் தூரத்து நிழலுருவத்தில் ஏமாற்றக்கூடும். ஆனால் அது பெரியது, அலகு நுனி கொக்கி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி.

பழுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. மேல்மலைப் புதர்வெளியில் வேறு என்னென்ன பழுப்புக் குருவிகள் இருக்கும்?

நெட்டைக்காலிகளை முதலில் விலக்குங்கள். நீலகிரி நெட்டைக்காலி மேல்மலைப் புல்வெளிக்கே உரியது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. உடம்பு மெலிந்து நீண்டிருக்கும், முதுகில் அழுத்தமான கோடுகள், புல்லுக்குள் நடந்து போகும். புதர்ச்சிட்டு நடப்பதில்லை, தத்தும். நடையைப் பார்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

கதிர்க்குருவிகள் தேயிலைக்குள்ளும் புதருக்குள்ளும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். வால் நீளமாகவோ உடம்பு மெலிதாகவோ இருக்கும். ஒரே இடத்தில் அரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கதிர்க்குருவியைப் பார்ப்பது அரிது, பாடும் வேளை தவிர. புதர்ச்சிட்டுக்கு உட்கார்ந்திருப்பதுதான் தொழில்.

ஈப்பிடிப்பான்களில் பெண்கள் சில பழுப்பு. ஆனால் நீலகிரி ஈப்பிடிப்பான் சோலைக்காட்டு மரங்களையும் அதன் ஓரங்களையும் விட்டு வெளியே வெகுதூரம் வராது. ஆரஞ்சு வயிறும் கறுப்புத் தலையுமாக இருக்கும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் சோலைக்குள் இருட்டான அடிப்புதரில் இருக்கும். வெட்டவெளி வேலிக்கம்பியில் அதைத் தேட வேண்டாம்.

வட இந்தியப் புத்தகங்களில் சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் இன்னொரு புதர்ச்சிட்டின் படம் பெரிதாக இருக்கும். அதன் பெண்ணும் பழுப்புதான். தெற்கே நம் மலைவரை அது வருவது அபூர்வம். புத்தகத்தில் முதலில் கண்ணில்பட்டதை எழுதிவிட வேண்டாம்.

முதுகெல்லாம் புள்ளிபுள்ளியாக ஒன்றைப் பார்த்தேன். புது இனமா?

குஞ்சு. கூட்டைவிட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். முதுகு தாயைப் போலக் கருமையான பழுப்பாக இருக்கும். இறகுகளில் வெளிறிய புள்ளிகளும் விளிம்புகளும் இருப்பதால் செதில் செதிலாகத் தெரியும், குறிப்பாக மார்பில். இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் பலவும் இப்படித்தான். கோடைக் கடைசியில் வேலிக்கம்பியில் இரண்டு மூன்று புள்ளிக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பெற்றோர் அலகில் புழுவோடு வந்து சேர்ந்ததும் விடை கிடைத்துவிடும்.

அது என்ன சாப்பிடும்? எப்படி வேட்டையாடும்?

பூச்சிகள். வண்டு, எறும்பு, குளவி இனம், புழு, வெட்டுக்கிளி. தாழ்வான இருக்கையிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது அசைந்தால் நேராகக் கீழே விழுந்து எடுத்துக்கொண்டு அதே இடத்துக்கோ பக்கத்துக் கம்பத்துக்கோ திரும்பும். சில நேரம் பறக்கும் பூச்சியைக் காற்றிலேயே துரத்தியும் பிடிக்கும்.

இந்த வேட்டை முறையை வைத்தே அது எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். உட்கார உயரமான இடம் வேண்டும். அதன் கீழே பூச்சி கண்ணில் படுகிற மாதிரி வெறும் மண்ணோ குட்டைப் புல்லோ வேண்டும். கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிற அடுக்கு வயல்களில் இரண்டும் கிடைக்கிறது: கொத்திப்போட்ட மண், சுற்றிலும் வேலி. உழுத மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் பழகினால். எச்சரிக்கைக் குரல் "செக், செக்" என்று வறட்டுத்தனமாக, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல இருக்கும். நீங்கள் கூட்டுப் பக்கம் போய்விட்டால் இதைத்தான் விடாமல் கேட்பீர்கள். கேட்டதும் பின்வாங்குவது மரியாதை.

பாட்டு வேறு. சிறிய, துள்ளலான சீழ்க்கை. ஒன்றிரண்டு தாழ்ந்த சுரத்தில் தொடங்கி மேலே ஏறி மறுபடி இறங்கி முடிந்துவிடும். கருஞ்சிட்டின் குரலோடு ஒப்பிடுவார்கள். ஆண் உச்சியில் உட்கார்ந்து பாடும். பாடும் காலத்தில் வாலை விரித்து, இறக்கையைச் சிலிர்த்து, தோள் இறகுகளை உப்பவைத்து வெள்ளைத் திட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி காட்டும். மேலே சொன்னேனே, உட்கார்ந்திருக்கும்போது வெள்ளை மறைந்துவிடும் என்று? அந்தப் புகார் இந்த மாதங்களில் செல்லாது.

எந்த மாதத்தில் போனால் நன்றாகப் பார்க்கலாம்?

ஆண்டு முழுக்க மலையிலேயே இருக்கிற பறவை, அதனால் எப்போது போனாலும் பார்க்கலாம். தென்னிந்தியாவில் இனப்பெருக்கக் காலம் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, அதிலும் மார்ச் முதல் ஜூன் வரைதான் மும்முரம். ஆண் பாடுவதையும், ஜோடியையும், குஞ்சையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே நல்லது. ஆனால் அது ஊட்டி சீசன். மலர்க் கண்காட்சிக் கூட்டம், வாகன நெரிசல். காலை 7 மணிக்கு முன்னால் கிளம்பி ஊருக்கு வெளியே போய்விடுங்கள். மார்ச் எனக்குப் பிடிக்கும். வானம் தெளிவு, தங்குமிடமும் மலிவு.

எந்த மாதிரி இடத்தில் தேடுவது?

திறந்த வெளியும் குட்டைப் புதரும் கலந்த இடம். நீலகிரி மேட்டில் அது பல வடிவங்களில் இருக்கிறது. புல்வெளி ஓரத்தில் குறிஞ்சியும் தவிட்டுச்செடியும் காட்டுப்பூவரசும் சிதறிக் கிடக்கும் சரிவு ஒன்று. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து நட்டு, இப்போது அடங்காமல் பரவிக் கிடக்கும் மஞ்சள் பூ முட்புதரான கோர்ஸ், அதேபோல் மஞ்சள் பூக்கும் ஸ்காட்ச் புரூம் ஆகியவற்றின் ஓரம் இன்னொன்று. அந்நியப் புதர்கள் புல்வெளியை விழுங்குவது உண்மையான பிரச்சினை, நெட்டைக்காலிக்கெல்லாம் அது இடத்தைப் பறிக்கிறது. ஆனால் புதர்ச்சிட்டு அதன் உச்சியில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஒரு மாற்றத்தால் எல்லாப் பறவைக்கும் ஒரே மாதிரி பாதிப்பு வருவதில்லை.

தேயிலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தோட்டத்தின் நட்டநடுவில் இடைவெளி இல்லாமல் பச்சையாக இருக்கும் இடத்தைவிட, பாறை துருத்திக்கொண்டிருக்கும் இடம், கவாத்து செய்த பகுதி, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளுக்குப் பக்கத்துக் காய்கறிப் பாத்தி, பாதை ஓரம் ஆகியவற்றில் பாருங்கள். அடர்ந்த சோலைக்குள் இருக்காது. சோலையைவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலிக்கம்பத்தில் இருக்கும்.

இலங்கை மலையகத்தில் பார்க்கிற புதர்ச்சிட்டும் இதுதானா?

அதே இனம், வேறு துணையினம். அதாவது ஒரே இனத்துக்குள் பகுதிக்குப் பகுதி சற்று மாறும் வகை. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி பக்கம் வேலிகளிலும் தேயிலை ஓரங்களிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். நீலகிரிப் பறவையைவிட இலங்கையின் பறவைக்கு அலகு பெரிது. இலங்கையில் இது மலைநாட்டுப் பறவை. தாழ்நிலத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கம் கறுப்பாக வால் தூக்கி நிற்பது கருஞ்சிட்டு. அந்த வகையில் இலங்கை வாசகர்களுக்கு இந்தக் குழப்பம் நம்மைவிடக் குறைவு.

இந்த இனத்தின் பரப்பு பெரியது. மத்திய ஆசியா, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகள், நியூகினி வரை பரவியிருக்கிறது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1766-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியது பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுப் பறவையை வைத்து. சுமார் 16 துணையினங்கள் சொல்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நீலகிரியிலும் இருப்பதற்கு நீலகிரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் தேடிய படத்தில் வயிற்றில் நிறைய வெள்ளை இருக்கிறது. நம் பறவையில் அவ்வளவு இல்லையே?

மேலே சொன்ன துணையினம்தான் காரணம். வட இந்தியாவிலும் அதற்கு மேற்கேயும் இருக்கும் ஆண்களுக்கு வயிற்றின் வெள்ளை மேலே ஏறியிருக்கும். நம் பக்கத்தில் அது வாலடியை ஒட்டிச் சுருங்கியிருக்கும். படம் எங்கே எடுத்தது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். ஊர் பெயர் இல்லாத படத்தோடு ஒப்பிட்டால் வீண் சந்தேகம்தான் மிஞ்சும்.

கைபேசிச் செயலி சொன்னதை நம்பலாமா?

மெர்லின் போன்ற, பறவையை அடையாளம் சொல்லும் செயலிகள் நன்றாக இருக்கிற படத்துக்குப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆண் என்றால் பிரச்சினை இல்லை. மங்கலான படத்தில் இருக்கும் பழுப்புப் பெண்ணுக்கு அது நாலைந்து பெயர்களை வரிசையாகக் காட்டும், நீங்கள் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பீர்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. செயலியை ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். வால் குட்டையா நீளமா, துரு நிறம் மேலா கீழா, நடந்ததா தத்தியதா என்ற மூன்றும் தெரிந்தால் செயலி தரும் பட்டியலில் இரண்டைத் தவிர மற்றதை அடித்துவிடலாம்.

படம் எடுக்கும்போது ஒரு யோசனை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அழகான படம் ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பறக்கும்போது, இறங்கும்போது, முதுகைக் காட்டும்போது நாலு படம் மங்கலாகவாவது எடுத்து வையுங்கள். அடையாளத்துக்கு அழகுப் படத்தைவிட அந்த மங்கல் படம்தான் உதவும்.

இருநோக்கி கட்டாயமா?

இந்தப் பறவைக்குக் கட்டாயமில்லை. திறந்த இடத்தில் உட்காரும், ஓரளவு பக்கத்தில் போகவிடும். ஆனால் பெண்ணின் பிட்டத்தையும் முதுகுக் கீற்றையும் பார்க்க வேண்டுமென்றால் வேண்டும். 8 மடங்கு பெருக்கம் உள்ளது போதும். பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

சாலையோர மண்சுவரில் ஒரு பொந்துக்குள் போவதைப் பார்த்தேன். கூடா?

அநேகமாக ஆம். மண்சரிவு, சாலைக்காக வெட்டிய மேட்டுச் சுவர், கல் அடுக்கிய தடுப்புச் சுவரின் இடுக்கு ஆகியவற்றில் உள்ள பொந்தில் புல்லும் முடியும் வைத்துக் கூடு கட்டும். இரண்டு முதல் ஐந்து முட்டைகள். வெளிறிய நீலவெள்ளையில் பழுப்புப் புள்ளிகள், தடித்த முனைப்பக்கம் அடர்த்தியாக இருக்கும். பெரும்பாலும் பெண்ணே அடைகாக்கும், 12, 13 நாளில் குஞ்சு பொரிக்கும்.

கூட்டைப் படமெடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பொந்தின் வாசலில் இரண்டு நிமிடம் நீங்கள் நின்றால் பெற்றோர் புழுவோடு எதிர்ச்செடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும், உள்ளே குஞ்சு பட்டினி. உங்களைப் பார்த்துக் காக்கையும் கீரியும் இடம் தெரிந்துகொள்ளும். பறவையும் கூடும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் வருபவை. முட்டையை எடுப்பதும் குஞ்சைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம்.

அழியும் நிலையில் இருக்கிறதா?

இல்லை. உலக அளவில் கவலைக்கு இடமில்லாத இனங்களின் வரிசையில்தான் இருக்கிறது. அரிய பறவையைப் பார்த்துவிட்டதாக நினைத்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலியில் தினமும் உட்காருகிற பறவையைத்தான் பல பருவத்திலும் பல வயதிலும் பார்த்துப் பழக முடியும்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? பெண் மட்டும் தெரிந்து, உறுதியாக இல்லையென்றால்?

பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு (eBird) இணையதளத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். நாள், இடம், நேரம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எத்தனை பறவை என்பவற்றைக் கொடுங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று குறிப்பில் எழுதினால் இன்னும் நல்லது. இந்த இனத்தில் பெண் பதிவாகாமல் போவது அதிகம் என்பது என் எண்ணம்.

உறுதியில்லையென்றால் ஊகத்தை இனப்பெயராகப் போடாதீர்கள். இனம் தெரியாத சிறு பறவை என்று போடவும் அங்கே வழி இருக்கிறது. குறிப்பில் "பழுப்பு, குட்டை வால், வேலிக்கம்பியில் இருந்து தரைக்கு இறங்கியது, பிட்டம் தெரியவில்லை" என்று எழுதிவிடுங்கள். மறுநாள் அதே வேலிக்குப் போங்கள். எல்லையைப் பிடித்துக்கொண்டு இருக்கும் பறவை, எங்கேயும் போயிருக்காது.